நடந்து காட்டச் சொன்ன கடற்கரை

முன்பெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நடந்து காட்டச் சொல்வார்கள். அடுக்களை வாசலிலிருந்து கூடத்து ஜமக்காளம் வரைக்கும். காலில் ஊனம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே பெண்ணுக்கு வியர்த்துவிடும். என் பெண்ணை மட்டும் கோவளம் கடற்கரையில் மைல் கணக்கில் நடந்து காட்டச் சொன்னார்கள். காலம் முன்னேறிவிட்டது அல்லவா.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி வாரப் பத்திரிகை படிப்பேன், பஸ் பலகை படிப்பேன், என் பெயரை யார் உதவியும் இல்லாமல் போடுவேன். இதை எழுதி முடிக்க எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், எனக்கென்ன அவசரம். அன்றைக்கு நடந்ததை என் சம்பந்தி அம்மா வேறு மாதிரி சொல்லி வருகிறார். சொல்லட்டும். அவருக்கு வாய் இருக்கிறது. எனக்கும் பேனா இருக்கிறது.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். தொண்ணூறுகள் தொடங்கியிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அவர் பேசுவதைவிட ரயில் அதிகம் பேசும். எங்களுக்கு ஒரே பெண். கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. தினமும் காலையில் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, சந்து வழியாக ஓடி, ஸ்டேஷன் படி ஏறி இறங்கி, வண்டி நகரும்போது பெண்கள் பெட்டியின் கம்பியைப் பிடிப்பாள். இப்படியே சில வருஷம் ஓடியதில் அவள் நடை எட்டி எட்டி வைக்கிற நடையாகிப் போனது. கடைக்குப் போய் ஒரு கட்டு கீரை வாங்கி வா என்றாலும் ரயிலைப் பிடிக்கிற மாதிரியேதான் போவாள்.

அந்த நடைதான் எங்கள் வீட்டுத் தலைவலி. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேசரியை நன்றாகச் சாப்பிட்டார்கள். பஜ்ஜிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்கள். பிறகு, "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்து போனார்கள். இந்த வாக்கியத்தை அவர்கள் எல்லாருக்கும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, ஒரு எழுத்து மாறாது. பிறகு சொல்லியும் அனுப்ப மாட்டார்கள். கடைசியாக வந்த கூட்டத்தில் மாப்பிள்ளைக்கு அத்தை முறையான ஒருத்தி மட்டும் தரகரிடம் காரணத்தைச் சொன்னாள். பெண்ணின் நடை ஆம்பிளை நடையாக இருக்கிறதாம். அந்த அத்தை எங்கள் வீட்டு வாசல்படி ஏறுவதற்கு இரண்டு பேர் கைகொடுத்தார்கள். அவளுக்கு நடையைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது.

தரகர் அதைச் சொல்லிவிட்டுப் போன பிறகு என் பெண் காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைம்மா. அதுக்கப்புறம் யார் முன்னாடியும் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் தட்டிக் கொடுத்து அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், என் வயிற்றில் பிறந்தவள். ஆக, எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரன். அது கைநழுவினால் அவள் கல்யாணப் பேச்சே அந்த வீட்டில் எழாது.

அந்த ஒன்று ஊரப்பாக்கத்திலிருந்து வந்தது. பையனுக்கு மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. அப்பா ஓய்வு பெற்றவர், அம்மா ஜாதகம், சகுனம், திசை எல்லாம் பார்க்கிறவர். இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு சித்தப்பாவும் இருந்தார். ஏதோ ஒரு கம்பெனியில் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமையானால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மலை, காடு என்று நடக்கப் போவாராம். அதற்கு ட்ரெக்கிங் என்று பெயர் சொன்னார்கள். போக வேண்டிய வேலை எதுவும் இல்லாத இடத்துக்கு, வண்டி இருக்கும்போதே, காசு செலவழித்து நடந்து போவது என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்தச் சித்தப்பாதான் தரகர் மூலம் சொல்லி அனுப்பினார். கூடத்தில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டு பெண் பார்ப்பது பழைய பஞ்சாங்கமாம். இயற்கையான சூழ்நிலையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து கடலோரமாக நடந்தால் மனசு விட்டுப் பழகலாமாம். கோவளத்தில் இறங்கி, கரையோடு தெற்கே நடந்து, திருவிடந்தை பெருமாள் கோயிலில் முடித்துக்கொள்வது என்று திட்டம். கல்யாண வரம் கொடுக்கிற பெருமாள், பொருத்தமாக இருக்கும் என்றார்.

நடையில் குற்றம் சொல்லிப் போனவர்களுக்கு அப்புறம், நடக்கவே கூப்பிடுகிறவர்கள் வருகிறார்கள். எங்கள் அதிர்ஷ்டம் அப்படி.

மறுக்க முடியுமா? பெண் வீட்டுக்காரர்கள் மறுப்பதற்கா பெண்ணைப் பெற்றிருக்கிறோம். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதற்கு முன்பு ஒரு வாரம், ஆபீஸ் விட்டு வந்ததும் என் பெண்ணைக் கூடத்தில் நடக்கவிட்டுப் பழக்கினேன். சின்னச் சின்னதாக அடி வை, தரையைப் பார், கையை வீசாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் சுவருக்குச் சுவர் நடந்தாள். அவள் அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, பொண்ணுக்குக் கால்ல முள்ளா என்று கேட்டார். அந்த வாரத்தில் அவர் பேசியது அது ஒன்றுதான்.

அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவளுக்குப் பட்டுப் புடவை கட்டி, முழங்காலுக்குக் கீழே கொசுவத்தை உள்பக்கமாகச் சேர்த்து ஒரு பெரிய ஊக்கைக் குத்திவிட்டேன். இனி எட்டி வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் நிறையப் போட்டுவிட்டேன். விடிவதற்கு முன்பே எழுந்து கேசரி கிளறி தூக்குச்சட்டியில் அடைத்தேன். பழைய பஞ்சாங்கம் என்று யார் சொன்னால் என்ன, கேசரி இல்லாமல் என் பெண்ணை யாரும் பார்க்க வேண்டாம்.

சித்தப்பா ஒரு வேன் பிடித்து வந்தார். அதிலேயே இரண்டு வீட்டாரும் போக வேண்டுமாம். நானும் எத்தனையோ பெண் பார்க்கும் வைபவம் பார்த்திருக்கிறேன், சம்பந்தம் முடிவாவதற்கு முன்பே இரண்டு வீட்டாரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததில்லை. பையனின் அப்பா வரவில்லை, முழங்கால் வலி என்றார்கள். அந்தக் குடும்பத்தில் அவர் ஒருத்தர்தான் விவரமானவர் என்று அப்போதே எனக்குப் பட்டது. பையனின் அம்மா கழுத்து நிறைய நகையோடு முன் சீட்டில் இருந்தார். பையன் கடைசி சீட்டில் புளியோதரை அடுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சித்தப்பா அரை டிரவுசர், தொப்பி, கழுத்தில் தூரதர்சனக் கண்ணாடி, அதோடு ஒரு விசில். விசில் எதற்கு என்று கேட்டேன். களைத்தவர்கள் உட்காரவும் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவும் என்றார். என் வீட்டுக்காரர் அந்த விசிலை மரியாதையோடு பார்த்தார், ரயில்வேக்காரர் அல்லவா.

வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய் இறங்கினோம். கடற்கரையின் அழகைப் பற்றிச் சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். இறங்கியதும் முதலில் வரவேற்றது கருவாடு. பாய் பாயாகக் காயப் போட்டிருந்தார்கள். காக்காய்க் கூட்டம், நாய்க் கூட்டம், மீன் ஏலம் கூவுகிற சத்தம், நடுவில் பட்டுப் புடவையில் நாங்கள். பையனின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார். பின்னாளில் அவர் வீட்டு அடுக்களையில் நெத்திலிக் கருவாடு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் மூக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அழகு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கட்டுமரங்களைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதற்கப்பால் நீலமாக ஒரே தண்ணீர். வெயில் ஏறாத நேரத்தில் மணல் கோதுமை ரவை மாதிரி இருந்தது. ஆனால் அந்த ரவையில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். காலைக்கடன் கழிக்கிறவர்களுக்கும் கடற்கரை அழகாகத்தானே இருக்கும்.

சித்தப்பா தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் பையனின் அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"நல்ல காரியத்துக்கு வந்துட்டு தெக்கே பார்த்தா நடக்கறது? எமன் திசை."

கல்யாண வரம் தருகிற பெருமாளே அந்தத் திசையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று சித்தப்பா சொல்லிப் பார்த்தார். பெருமாள் இருக்கட்டும், நாம வடக்கே போவோம் என்று அந்த அம்மா திரும்பி நின்றுகொண்டார். சித்தப்பா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். பெண் வீட்டுக்காரர்களுக்குத் திசை ஏது? பையன் வீட்டார் பார்க்கிற பக்கம்தான் எங்களுக்குக் கிழக்கு. நானும் வடக்கே திரும்பி நின்றேன். சித்தப்பா கையில் இருந்த வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார். வடக்கே போனால் முட்டுக்காடு, சித்திரையில் இதே வழியில் வந்திருக்கிறேன், தாராளமாக நடக்கலாம் என்றார். வேனை, உள்ளே இருந்த புளியோதரை, தண்ணீர்ப் பானையோடு பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க் காத்திருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். கேசரித் தூக்கை மட்டும் நான் விடவில்லை.

கரையில் ஒரு மீன்காரர் வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, பஸ்ஸு வர்லியா?"

சித்தப்பா முந்திக்கொண்டு, இல்லப்பா, சும்மா நடக்கறோம் என்றார்.

"சும்மாவா?"

சும்மாதான் என்றார் சித்தப்பா. மீன்காரர் என் பட்டுப் புடவையையும் தூக்குச்சட்டியையும் பார்த்தார். அந்த அம்மாவின் நகையைப் பார்த்தார். அரை டிரவுசரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வலைக்குத் திரும்பிவிட்டார். எங்களுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது, விசாரித்தால் மனசு புண்படும் என்று நினைத்திருப்பார்.

நடந்தோம். சித்தப்பா முன்னால் போனார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு. அடம்பங்கொடி படர்ந்து ஊதாப்பூ பூத்துக் கிடந்தது. நண்டுகள் எங்களைப் பார்த்ததும் வளைக்குள் போய்விட்டன, புத்திசாலிகள். என் பெண் ஊக்குக் குத்திய புடவையில் மணலில் தத்தித் தத்தி வந்தாள். வீட்டுத் தரையில் பழகிய சின்ன நடை மணலுக்கு உதவவில்லை. அடிக்கு அடி கால் புதைந்தது. இரண்டு முறை விழப் பார்த்தாள். பையனின் அம்மா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்னங்க, உங்க பொண்ணு காலை இழுத்து இழுத்து நடக்குது. கால்ல ஏதாவது..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. எட்டி வைத்தால் ஆம்பிளை, சின்னதாக வைத்தால் நொண்டி. இதற்கு மேல் நடப்பதற்கு வேறு தினுசு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என் பெண் நின்றாள். குனிந்து கொசுவத்துக்குள் கையை விட்டு ஊக்கைக் கழற்றினாள். செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஊக்கை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

போனாள் என்றால் அப்படிப் போனாள். அலை வந்து நனைத்த கெட்டி மணலில் காலைப் பதித்து, கையை வீசி, தாம்பரம் ஸ்டேஷனில் வண்டி கிளம்பப் போகிற மாதிரி. விசில் வைத்திருந்த சித்தப்பாவைத் தாண்டிப் போனாள். அவர் விசிலை ஊதிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"என்னங்க இது, ரயிலுக்குப் போற மாதிரி போறா?" என்றார் பையனின் அம்மா.

அந்த நிமிஷத்தில் இந்த வரனும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனதுதான் போகிறது, மரியாதையோடு போகட்டும் என்று நினைத்தேன்.

"தினமும் ரயிலுக்குத்தாங்க போறா. சம்பளம் வாங்கற பொண்ணு. நொண்டியா இருந்தா வண்டியில ஏற முடியுமா?"

அப்போது பையன், அதுவரை அம்மாவுக்கு இரண்டடி பின்னால் வந்துகொண்டிருந்தவன், என் கையிலிருந்து தூக்குச்சட்டியைக் கேட்காமலே வாங்கிக்கொண்டான். அதை ஆட்டிக்கொண்டே என் பெண்ணின் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனான். தொழிற்சாலையில் நின்ற இடத்தில் வேலை செய்கிறவன் போலிருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே தள்ளாட ஆரம்பித்துவிட்டான். தூரத்தில் அவள் திரும்பிப் பார்த்ததும், அவன் ஏதோ சொன்னதும், அவள் தூக்கை வாங்கிக்கொண்டதும் தெரிந்தது. என்ன சொன்னான் என்பது காற்றில் போய்விட்டது. அந்த அம்மா என்னிடம், கேசரிச் சட்டியைப் பையன்கிட்ட குடுத்தீங்களே, ஆம்பளப் பிள்ளை தூக்கற சாமானா அது என்றார். இப்ப உங்க பிள்ளை தூக்கலைங்க, என் பொண்ணுதான் தூக்கறா என்றேன்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில் கரை முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்றால், எதிரில் கடல் கரையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. முகத்துவாரம். மழைக்காலத்தில் உள்ளே தேங்குகிற கழிவெளித் தண்ணீர் மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேருமாம், கோடையில் மணல் மூடிக்கொள்ளுமாம். சித்தப்பா வந்து பார்த்தது மணல் மூடிக்கிடந்த சித்திரையில். நாங்கள் வந்தது மழை ஓய்ந்த தையில். அந்தக் கரையில் எங்கள் வேன் நிற்பது தெரிந்தது. டிரைவர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்பதுகூடத் தெரிந்தது. சித்தப்பா தூரதர்சனக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்து, அவர் புளியோதரையைத் திறக்கவில்லை என்று உறுதி சொன்னார். எங்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கழி ஓரமாகச் சுற்றிப் போனால் பாலத்தைப் பிடிக்கலாம். ஆனால் அங்கே முழங்கால் சேறும் கருவேல முள்ளும். வந்த வழியே திரும்பலாம் என்றால் கோவளம் தெற்கே இருக்கிறது, எமன் திசை. பையனின் அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கொழுந்தனாரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தண்ணி வந்து குறுக்கே நின்னு தடுக்குது. இதுக்கு மேல சகுனம் வேணுமா? பேச்சை இத்தோட விட்டுடலாம்."

அவ்வளவுதான். கேசரி சாப்பிடாமலே எழுந்து போன முதல் கூட்டம் இது. என் பெண் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. பையன் அம்மா பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

காலையில் பார்த்த அதே மீன்காரர். நாங்கள் நடந்து வந்த தூரத்தைக் கட்டுமரத்தில் வந்து முகத்துவாரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. இங்கே தண்ணீர் உடைத்திருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார்.

"சும்மா நடக்கறோம்னுதான சார் சொன்ன. அந்தாண்ட போவணும்னு சொல்லலியே."

மீன்காரரே இரக்கப்பட்டு, இன்னா விசேசம், எல்லாம் பட்டு கட்டிகினு வந்துகீறீங்க என்று கேட்டார். பொண்ணு பார்க்க வந்தோம் என்றார் சித்தப்பா.

"பொண்ணு அந்தக் கரையில கீதா?"

இல்லப்பா, இதுதான் பொண்ணு என்று சித்தப்பா என் மகளைக் காட்டினார். மீன்காரர் அவளைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்த்தார்.

"கூடவே இட்டாந்துட்டு இன்னாத்த சார் தேடிகினுகீறீங்க?"

என் பெண் சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற அன்றைக்குப் பெண் பல் தெரியச் சிரிக்கக்கூடாது என்பது சட்டம். அவளோ வாயைப் பொத்தாமல் சிரித்தாள். பையனும் சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரித்து நான் பார்த்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டுமரத்தில் ஒரு தடவைக்கு மூன்று பேர்தான் ஏறலாம் என்றார். பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆண்கள் மூன்று பேரும் முதலில் போக வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்தார். அம்மா கூட நான் வர்றேனே என்றான் பையன். பொம்பளைங்க மூணு பேரும் ஒண்ணா வரட்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். பத்திரமாகத்தான் இருந்தது போலும், போய்ச் சேர்ந்ததும் அந்தக் கரையிலிருந்து விசில் கேட்டது.

அடுத்தது நாங்கள். கட்டுமரம் என்றால் படகு என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. நாலைந்து கட்டையைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியது, அவ்வளவுதான். கட்டை இடுக்கு வழியாகக் கடல் நம் மடிக்கே வரும். பையனின் அம்மா ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக நின்றார். நடுக்கட்டையில் அவரை உட்கார வைத்து, முன்னால் என் பெண், பின்னால் நான். துடுப்புப் போட ஆரம்பித்ததும் ஒரு அலை வந்து கட்டையைத் தூக்கிப் போட்டது.

"ஆயா, கட்டைய கெட்டியா புடிச்சிக்கோ" என்றார் மீன்காரர்.

உயிர் போகிற பயத்திலும் அந்த அம்மாவுக்கு ஆயா என்று கூப்பிட்டது கோபம்தான். யாரைப் பார்த்து ஆயா என்று கேட்கத் திரும்பினார். அதற்குள் அடுத்த அலை வந்தது. கட்டையை விட்டுவிட்டு என் பெண்ணின் கையை எட்டிப் பிடித்தார். பிடித்தார் என்றால், மணிக்கட்டோடு சேர்த்து வளையல்களை நொறுக்கிப் பிடித்தார். சடசடவென்று கண்ணாடி உடைகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. துண்டுகள் தண்ணீரில் விழுந்தன. என் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணும் இல்லைங்க, என்னைப் பிடிச்சுக்கங்க, அந்தப் பக்கம் பார்க்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் அந்த அம்மாவின் தோளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கரை வந்தது. அந்த அம்மா கையை எடுத்தபோது என் பெண்ணின் மணிக்கட்டில் கீறல். வலது கையில் ஒரு வளையல்கூட மிச்சம் இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே பெண்ணின் வளையலை உடைத்தது என்ன சகுனம் என்று எனக்குச் சொல்லத் தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன். சகுனம் என்கிற வார்த்தை அதற்கப்புறம் அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. நாங்கள் கரையேறியது நல்ல எமகண்டத்தில். அதையும் யாரும் சொல்லவில்லை.

மீன்காரருக்குக் கேசரி கொடுத்தேன். அங்கேயே நின்றபடி சாப்பிட்டுவிட்டு, முந்திரி கம்மியா கீது, ஆனா நல்லா கீது என்றார். இத்தனை வருஷத்தில் என் கேசரிக்கு உண்மையான அபிப்பிராயம் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

வேன் நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஈரப் பட்டுப் புடவை மணலோடு காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பையனின் அம்மா தண்ணீர் குடித்தார், முகத்தைத் துடைத்தார், நகை எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு என்னவோ பெரிய மனசு பண்ணுகிற குரலில், எங்களுக்குச் சம்மதம், இந்த மாசத்திலேயே தட்டு மாத்திக்கலாம் என்றார்.

நான் கையில் இருந்த கவளத்தை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தேன். எனக்கு எப்போதும் அவசரம் கிடையாது. எங்கள் வீட்டில் கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன அத்தனை பேரையும் ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறியது. சித்தப்பாவின் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது. இந்த வாக்கியம் பெண் வீட்டார் வாயிலிருந்தும் வரும் என்பது இயற்கையான சூழ்நிலையில் பழகினவருக்கே தெரிந்திருக்கவில்லை. பையன் மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்கி என் பெண்ணைப் பார்த்தான். அவள் வழியில் கொண்டு வந்த கேசரித் தூக்கை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவின பிறகு அவளைக் கேட்டேன். ஊக்கு இன்னும் என்னிடம்தான் இருந்தது.

"வழியில உன்கிட்ட என்னடி சொன்னான்?"

"கொஞ்சம் மெதுவா போறீங்களா, எனக்கு மூச்சு வாங்குதுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னு கேட்டவங்களைத்தான் பார்த்திருக்கேன். எனக்கு முடியலைன்னு ஒத்துக்கிட்ட ஆள் இவர்தாம்மா." கொஞ்ச நேரம் மணிக்கட்டுக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரின்னு சொல்லி அனுப்பு. ஆனா நாளைக்கே அனுப்பாத."

நாளைக்கே அனுப்பவில்லை. தரகர் தெருவில் நடந்து நடந்து அவர் செருப்பு தேயட்டும் என்று விட்டுவைத்தேன். மாசி பிறந்த பிறகு சொல்லி அனுப்பினேன். தட்டு மாற்ற வந்தபோது அந்த அம்மா பழம், பூ, புடவையோடு ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி வளையலும் கொண்டு வந்திருந்தார். எதற்கு இவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அவரே உட்கார்ந்து, கை நோகாமல், ஒவ்வொன்றாக என் பெண்ணுக்குப் போட்டுவிட்டார்.

இப்போது என் பெண்ணுக்கே தலையில் வெள்ளி தெரிகிறது. ஊரப்பாக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் நாலு பேர் கூடிவிட்டால் போதும், என் சம்பந்தி கோவளத்துக் கதையைத் தொடங்கிவிடுவார். வடக்கே போகச் சொன்னது சித்தப்பாவாம். கட்டுமரத்தில் பெண் பயந்து நடுங்கினாளாம். "நான்தான் அவ கையை விடாம பிடிச்சுக்கிட்டேன், இல்லாட்டி அன்னிக்கே கடல்ல போயிருப்பா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். மாப்பிள்ளை ஏதோ வேலை இருக்கிற மாதிரி எழுந்து வெளியே போய்விடுவார். நான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். சம்பந்தி வீட்டில் வாய் கொடுப்பது எனக்கு வழக்கம் இல்லை.

என் பெண் காபித் தட்டோடு அதே எட்டு நடையில் உள்ளேயிருந்து வருவாள். மாமியாருக்கு முதலில் கொடுப்பாள்.

"ஆமா அத்தை. வளையல்கூட உடைஞ்சு போச்சே" என்பாள்.

சம்பந்தி அம்மாவுக்கு அப்போது பார்த்துத்தான் காபியில் சர்க்கரை போதவில்லை என்று தோன்றும்.